பத்து ரூபாய் டாப்-அப்: மீதி எங்கே போகிறது?

2017 ஜூலை முதல் வாரம். கல்லூரி திறக்க இன்னும் சில நாட்கள் இருந்தன. திண்டிவனத்தில் சித்தப்பாவின் ரீசார்ஜ் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பேருந்து நிலையம் அருகே பூ விற்கும் பாட்டி ஒருவர் வந்து, வழக்கம்போல 10 ரூபாய்க்கு டாப்-அப் செய்யச் சொன்னார். வந்த எஸ்.எம்.எஸ்.ஸை என்னிடம் நீட்டிப் படிக்கச் சொன்னார். டாக் டைம் 7 ரூபாய் 47 காசு.

“என்னா தம்பி, போன வாரம் ஏழு எழுபது ஏறிச்சி. இப்ப ஏழரைகூட முழுசா ஏறல. மீதிய யாரு எடுத்துக்கறாங்க?”

“ஜி.எஸ்.டி. வந்துடுச்சி பாட்டி” என்றேன்.

“அது யாரு தம்பி?” என்று கேட்டார். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் கேள்விக்குச் சரியான பதில் எனக்கும் அன்று தெரியாது.

இப்போது நான் சென்னையில் பில்லிங் சாப்ட்வேர் எழுதும் வேலையில் இருக்கிறேன். வரி, கட்டணம், கழிவு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கணக்கிட கோடு எழுதும்போதெல்லாம் அந்தப் பாட்டியின் கேள்வி நினைவுக்கு வரும். அதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை. நீங்கள் செல்போனுக்குக் கொடுக்கும் பணத்தில் எத்தனை கைகள் பங்கு எடுக்கின்றன, அதனால் செல்போன் நிறுவனங்களுக்கும் நமக்கும் என்ன ஆகிறது என்று பார்க்கலாம்.

முதலில் பாட்டியின் கணக்கு

10 ரூபாய் டாப்-அப்பில் 18 சதவீத ஜி.எஸ்.டி. உள்ளடங்கியிருக்கிறது. எனவே 10-ஐ 1.18-ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது 8 ரூபாய் 47 காசு. அதாவது வரி மட்டும் 1 ரூபாய் 53 காசு. இதில் மத்திய அரசுக்குப் பாதி, மாநில அரசுக்குப் பாதி.

மீதியிலிருந்து நிறுவனம் ‘பிராசஸிங் கட்டணம்’ என்று 1 ரூபாய் எடுத்துக்கொள்கிறது. இதற்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-ல் உச்சவரம்பு வைத்தது. டாப்-அப் விலையில் 10 சதவீதம் அல்லது 3 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுதான் எடுக்கலாம். அந்த 1 ரூபாயும் போனால் மிச்சம் 7 ரூபாய் 47 காசு.

அதற்கு முந்தைய மாதம் வரை சேவை வரி 15 சதவீதம். 10-ஐ 1.15-ஆல் வகுத்து 1 ரூபாயைக் கழித்துப் பாருங்கள், 7 ரூபாய் 70 காசு வரும். பாட்டி கேட்ட 23 காசு வித்தியாசம் இதுதான். பாட்டியின் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

கண்ணுக்குத் தெரியும் வரி

இந்தியாவில் சேவை வரி முதன்முதலில் 1994 ஜூலை 1-ல் வந்தபோது மூன்றே மூன்று சேவைகள்தான் அதற்குள் இருந்தன. பங்குத் தரகு, பொதுக் காப்பீடு, அப்புறம் டெலிபோன். அன்று வரி 5 சதவீதம். 2003-ல் 8, 2004-ல் 10, 2006-ல் 12 சதவீதம் என்று ஏறியது. இடையில் கல்வி மேல்வரியும் சேர்ந்துகொண்டது. 2009-ல் 10 சதவீதமாக இறங்கி, 2012-ல் மீண்டும் 12-க்கு வந்தது. 2015-ல் 14 சதவீதம். அதன்மேல் தூய்மை இந்தியா மேல்வரி, விவசாய நல மேல்வரி சேர்ந்து 2016 ஜூனில் 15 சதவீதம் ஆனது. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22-ல் பல பொருள்களின் ஜி.எஸ்.டி. மாற்றியமைக்கப்பட்டபோதும் செல்போன் சேவைக்கு அதே 18 சதவீதம்தான் நீடித்தது.

இது நேரடியாகத் தெரியும் வரி. பில்லில் இருக்கும். இனிமேல் பார்க்கப்போவது பில்லில் வராதவை.

கண்ணுக்குத் தெரியாத கட்டணங்கள்

கணக்குக்கு வசதியாக 236 ரூபாய் ரீசார்ஜ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இதில் ஜி.எஸ்.டி. 36 ரூபாய். நிறுவனத்தின் கைக்கு வருவது 200 ரூபாய்.

இந்த 200 முழுவதும் நிறுவனத்துக்குச் சொந்தமா என்றால், இல்லை. சில கழிவுகள் போக மீதமுள்ள வருவாய்க்கு ஏ.ஜி.ஆர். என்று பெயர். இதில் 8 சதவீதத்தை நிறுவனம் லைசென்ஸ் கட்டணமாக மத்திய அரசுக்குச் செலுத்த வேண்டும். நம் கணக்கில் ஏறத்தாழ 16 ரூபாய். ஆக, 236 ரூபாயில் 52 ரூபாய் அரசுக்குப் போய்விடுகிறது. நம் கண்ணுக்குத் தெரிந்தது 36 மட்டுமே.

இந்த 8 சதவீதத்தில் 3 சதவீதம்தான் உண்மையான லைசென்ஸ் கட்டணம். 5 சதவீதம் கிராமங்களுக்குத் தொலைத்தொடர்பு வசதி செய்து தருவதற்கான நிதி. 2002 ஏப்ரலில் தொடங்கிய இந்த நிதிக்கு இப்போது ‘டிஜிட்டல் பாரத் நிதி’ என்று பெயர்.

இவை தவிர ஸ்பெக்ட்ரம். அலைவரிசையை ஏலத்தில் எடுக்கப் பல ஆயிரம் கோடி ரூபாய் ஆகும். அதோடு ஆண்டுதோறும் வருவாயில் ஒரு பங்கை ஸ்பெக்ட்ரம் உபயோகக் கட்டணமாகவும் கட்ட வேண்டியிருந்தது. 2021 செப்டம்பர் 15-ல் மத்திய அமைச்சரவை எடுத்த முடிவின்படி அதற்குப் பிந்தைய ஏலங்களில் எடுத்த அலைவரிசைக்கு இந்தக் கட்டணம் இல்லை. முன்பு எடுத்ததற்கு உண்டு.

இன்னொரு வேடிக்கை, அரசுக்குக் கட்டும் இந்தக் கட்டணங்களுக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. நிறுவனம் அதை முதலில் கையிலிருந்து கட்டிவிட்டு, பிறகு நம்மிடம் வசூலிக்கும் ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் கழிக்க முடியாமல் பெரும்தொகை தேங்கிக் கிடக்கிறது என்று நிறுவனங்களின் சங்கம் தொடர்ந்து மனு கொடுத்து வருகிறது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வருமான வரி லாபத்தின் மீது போடப்படுவது. லைசென்ஸ் கட்டணம் வருவாயின் மீது போடப்படுவது. கூட்டேரிப்பட்டில் கரும்புச் சாறு விற்பவரிடம் லாபத்தில் பங்கு கேட்டால், நஷ்டமான நாளில் அவர் தப்பித்துக்கொள்வார். விற்ற ஒவ்வொரு டம்ளருக்கும் பங்கு கேட்டால், நஷ்டமானாலும் கொடுத்தே ஆக வேண்டும்.

இந்த முறையே ஒரு காலத்தில் சலுகையாக வந்ததுதான். 1990-களில் நிறுவனங்கள் பெரும்தொகைக்கு ஏலம் கேட்டு லைசென்ஸ் வாங்கிவிட்டு, கட்ட முடியாமல் திணறின. 1999-ல் வந்த புதிய தொலைத்தொடர்புக் கொள்கைதான் ‘வருவாயில் பங்கு கொடுத்தால் போதும்’ என்று மாற்றியது.

அசல் 23, மொத்தம் 92

எது வருவாய் என்பதில்தான் பிறகு பெரிய வழக்கே நடந்தது. செல்போன் சேவையில் வருவது மட்டும்தான் வருவாய் என்றன நிறுவனங்கள். வங்கி வட்டி, வாடகை, பழைய சாமான் விற்ற பணம் எல்லாமே வருவாய்தான் என்றது தொலைத்தொடர்புத் துறை. 2019 அக்டோபர் 24-ல் உச்ச நீதிமன்றம் துறையின் பக்கம் தீர்ப்பளித்தது.

இந்த வழக்கில் சொல்லப்பட்ட லைசென்ஸ் கட்டண பாக்கியைப் பாருங்கள். அசல் ஏறத்தாழ 23,189 கோடி ரூபாய். வட்டி 41,650 கோடி. அபராதம் 10,923 கோடி. அபராதத்துக்கு வட்டி 16,878 கோடி. கூட்டினால் 92,640 கோடி! நம் ஊரில் கந்து வட்டிக்காரரும் இதைப் பார்த்தால் வாயடைத்துப் போவார்.

2021-ல் விதி மாறியது. செல்போன் சேவை சாராத வருவாய் இனிமேல் கணக்கில் வராது, அபராதம் இல்லை என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் பழைய பாக்கி பழைய பாக்கிதான். அதைக் கட்ட முடியாமல் திணறிய வோடபோன் ஐடியா அரசுக்குத் தர வேண்டிய பாக்கிகளில் ஒரு பகுதி பங்குகளாக மாற்றப்பட்டு, 2025-ல் அந்த நிறுவனத்தில் மத்திய அரசின் பங்கு 49 சதவீதத்தை நெருங்கியது.

நம் தமிழ்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. வரி மட்டும் இதற்குக் காரணம் இல்லை. கடன், ஸ்பெக்ட்ரம் விலை, 2016-க்குப் பிறகு வந்த கட்டணப் போட்டி எல்லாம் சேர்ந்துதான் கவிழ்த்தன. ஆனால் வருவாய் சரியும்போது, லாபம் இருக்கிறதா என்று பார்க்காமல் பங்கு கேட்கும் கட்டணம் சுமையை ஏற்றத்தான் செய்யும். ஒரு காலத்தில் கடைச் சுவரில் பத்து கம்பெனி போஸ்டர் இருந்தது. இன்று நாலுதான். போட்டி குறைந்த பிறகு 2019, 2021, 2024 என்று மூன்று முறை கட்டணங்கள் பெரிய அளவில் ஏறியதை நீங்களே பார்த்தீர்கள்.

ஒரு சிம், இரண்டு வரி

சிம் கார்டு பொருளா, சேவையா? சாதாரணக் கேள்விபோலத் தெரிகிறது. ஆனால் பொருள் என்றால் மாநில அரசு விற்பனை வரி போடலாம். சேவை என்றால் மத்திய அரசு சேவை வரி போடலாம். கேரளத்தில் இரண்டு அரசுகளுமே கேட்டன. 2002-ல் கேரள உயர் நீதிமன்றம், இரண்டுமே போடலாம் என்றது!

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. செல்போனில் போய்வரும் மின்காந்த அலைகள் பொருள் அல்ல, அவற்றுக்கு விற்பனை வரி கிடையாது என்று 2006 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. சிம் கார்டு தனியாக விற்கும் பொருள் அல்ல, சேவையின் ஒரு பகுதிதான் என்பது 2011 ஆகஸ்டில்தான் முடிவானது.

கர்நாடகத்தில் இதைவிட வேடிக்கை. ஆப்டிகல் பைபர் கேபிளில் போகும் ஒளி ‘செயற்கையாக உண்டாக்கிய ஒளிச் சக்தி’ என்ற பொருளாம். அதற்கு வாட் வரி கட்ட வேண்டுமாம். 2011-ல் அந்த மாநில உயர் நீதிமன்றம் இதை ஏற்கவில்லை.

டவர் கட்டடமா, அசையும் பொருளா?

செல்போன் டவருக்கு உள்ளாட்சிகள் சொத்து வரி கேட்டன. டவர் கட்டடம் அல்ல, நட்டு போல்ட் போட்டு நிறுத்திய இயந்திரம் என்றன நிறுவனங்கள். 2016 டிசம்பரில் குஜராத் வழக்கில், சொத்து வரிக்கு டவரைக் கட்டடமாகக் கருதலாம் என்றது உச்ச நீதிமன்றம்.

இதே டவரை வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளக் கேட்டால், நிலத்தில் ஊன்றிய அசையாச் சொத்துக்குக் கழிவு கிடையாது என்று 2014-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. 2024 நவம்பர் 20-ல்தான் உச்ச நீதிமன்றம் டவரைக் கழற்றி வேறிடத்தில் மாட்டலாம், எனவே அது அசையும் பொருள், கழிவு உண்டு என்றது. 2023-ம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு சொத்தின் மீது அமைக்கும் தொலைத்தொடர்புக் கட்டமைப்பை, சொத்து வரி உள்ளிட்டவற்றுக்கு அந்தச் சொத்தின் பகுதியாகக் கருதக்கூடாது என்கிறது. பள்ளம் தோண்டிக் கேபிள் பதிக்க ஊருக்கு ஊர் வேறுவேறு கட்டணம் கேட்ட நிலையையும் மாற்ற, 2025 ஜனவரி 1 முதல் நாடு முழுவதற்கும் ஒரே மாதிரியான விதிகள் நடைமுறைக்கு வந்தன.

போன் எடுக்காத இரண்டு நாட்கள்

இதெல்லாம் கம்பெனிகளுக்கும் அரசுக்கும் நடக்கும் சண்டை, நமக்கென்ன என்று நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், 2024 நவம்பர் 30 வரை.

அன்று இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலைக்குள் மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. எங்கள் ஊர் மயிலத்துக்குப் பக்கம். சென்னையிலிருந்து அம்மாவுக்குப் போன் போட்டால் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’. அப்பா போனும் அப்படியே. திண்டிவனத்தில் சித்தப்பா போன் எப்போதாவது கிடைத்தது. அவராலும் ஊருக்குப் போக முடியவில்லை. டிசம்பர் 2-ல் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் ஏறி, விழுப்புரம் வழி ரயில்கள் நின்றன. அன்று மாலை பக்கத்து வீட்டு அண்ணன் மயிலம் மலைக்கோயில் படிகளில் ஏறி, எங்கோ தூரத்து டவரிலிருந்து ஒரு புள்ளி சிக்னல் கிடைத்து, “எல்லாரும் நல்லா இருக்காங்கப்பா” என்று ஒரே வரி சொன்னார். அதற்குள் லைன் போய்விட்டது.

வரியால்தான் டவர் நின்றது என்று நான் சொல்ல வரவில்லை. புயலில் எல்லாமே நிற்கும். ஆனால் ஒரு டவர் எப்படி உயிரோடு இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கரண்ட் போனால் பேட்டரி. பேட்டரி தீர்ந்தால் டீசல் ஜெனரேட்டர். டீசல் ஜி.எஸ்.டி.க்குள் இல்லை. மத்திய அரசின் கலால் வரி, மாநில அரசின் வாட் வரி இரண்டும் உண்டு. அந்த வரியை ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளவும் முடியாது. மின்சாரமும் அப்படித்தான், ஜி.எஸ்.டி.க்கு வெளியே.

விழுப்புரம் டவுனில் ஒரு டவருக்குக் கீழே ஆயிரக்கணக்கில் போன்கள் இருக்கும். பேரணிக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவே வயலில் நிற்கும் டவருக்கு அவ்வளவு போன்கள் இருக்காது. ஆனால் வாடகை, டீசல், பேட்டரி, உள்ளாட்சிக் கட்டணம் என்று டவருக்கான செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான். செலவும் வரியும் கூடும்போது கணக்குப் பார்க்கும் நிறுவனம் எந்த டவரில் முதலில் சிக்கனம் பிடிக்கும் என்பதை ஊகிக்க எம்.பி.ஏ. படித்திருக்க வேண்டியதில்லை.

இந்தக் குறையைத் தீர்க்கத்தானே அந்த 5 சதவீத நிதி? உண்மைதான். ஆனால் பல ஆண்டுகள் அந்த நிதியில் வசூலானதில் பெரும்பகுதி செலவாகாமலே கிடந்தது. பிறகுதான் அதிலிருந்து பாரத்நெட் திட்டத்துக்குப் பணம் போனது. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் பைபர் கேபிள் இழுக்கும் வேலையை டான்பிநெட் நிறுவனம் செய்கிறது.

மற்ற நாடுகளில்

நம்மைப் போன்ற மற்ற நாடுகளிலும் இதே கதைதான். போன் எல்லோரிடமும் இருக்கிறது, வசூலிக்கச் சில கம்பெனிகளைப் பிடித்தால் போதும். எனவே அரசுகளுக்கு இது சுலபமான வரி.

இலங்கையில் 2011-ல் தொலைத்தொடர்புக்கென்று தனி வரி 20 சதவீதம் வந்தது. பிறகு குறைக்கப்பட்டு, நெருக்கடிக்குப் பின் 2022-ல் 15 சதவீதம் ஆனது. அதன்மேல் 2024 ஜனவரி முதல் வாட் வரி 18 சதவீதம். கானாவில் 2008-ல் 6 சதவீதமாகத் தொடங்கிய தகவல்தொடர்பு வரி 2019-ல் 9 ஆகி, 2020-ல் 5 சதவீதமாகக் குறைந்தது.

உகாண்டா 2018 ஜூலையில் வாட்ஸ்அப், பேஸ்புக் பயன்படுத்த நாளொன்றுக்கு 200 ஷில்லிங் வரி போட்டது. மக்கள் வி.பி.என். மென்பொருள் போட்டுத் தப்பித்தார்கள். 2021-ல் அதைக் கைவிட்டு, இண்டர்நெட் டேட்டாவுக்கு 12 சதவீத வரி கொண்டுவந்தார்கள்.

பாகிஸ்தானில்தான் நம் பாட்டியின் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 100 ரூபாய் கார்டு போட்டால் ஏன் 100 ரூபாய் ஏறுவதில்லை என்று கேட்டு, 2018 ஜூனில் நீதிமன்றம் ரீசார்ஜ் வரிகளை நிறுத்தி வைத்தது. 2019 ஏப்ரலில் அதே நீதிமன்றம் வரிகளை மீண்டும் அனுமதித்தது.

நீங்கள் செய்யக்கூடியவை

வரியே வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. சாலையும் ஆஸ்பத்திரியும் வரியில்தான் வருகின்றன. நான் கேட்பது இரண்டு. ஒன்று, ஒரே சேவைக்குப் பல பெயர்களில் வாங்குவதை ஒன்றாக்கி, அதை முழுவதும் பில்லில் காட்ட வேண்டும். இரண்டு, கிராமத்துக்கென்று வாங்கும் 5 சதவீதம் கிராமத்து டவருக்கும் அதன் பேட்டரிக்கும் போய்ச் சேர வேண்டும். அதுவரை நாம் செய்யக்கூடியவை சில உண்டு.

டாப்-அப் செய்ததும் வரும் எஸ்.எம்.எஸ்.ஸை அழிக்காமல் படியுங்கள். விலை, வரி, பிராசஸிங் கட்டணம், டாக் டைம் நான்கும் அதில் இருக்க வேண்டும். விலையை 1.18-ஆல் வகுத்துச் சரிபாருங்கள்.

சொந்தத் தொழில் செய்து ஜி.எஸ்.டி. எண் வைத்திருப்பவர்கள், தொழிலுக்குப் பயன்படுத்தும் போஸ்ட்பெய்டு இணைப்பில் அந்த எண்ணைப் பதிவு செய்யுங்கள். பில்லில் உள்ள வரியைக் கழித்துக்கொள்ள வழி உண்டு.

உங்கள் ஊரைச் சுற்றி எந்த நிறுவனத்தின் டவர் எங்கே இருக்கிறது என்பதை மத்திய அரசின் ‘தரங் சஞ்சார்’ இணையதளத்தில் பார்க்கலாம். புது சிம் வாங்கும் முன் பார்த்துக்கொள்வது நல்லது.

சிக்னல் குறைபாட்டுக்கு உங்கள் நிறுவனத்தின் 198 எண்ணில் புகார் செய்து, புகார் எண்ணை மறக்காமல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தீர்வு இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு அந்த எண்ணோடு எழுதலாம்.

சென்ற முறை திண்டிவனம் போனபோது 10 ரூபாய் கணக்கையும் 236 ரூபாய் கணக்கையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி, சித்தப்பா கடையில் கல்லாவுக்கு மேலே ஒட்டிவிட்டு வந்தேன். “இதப் படிக்கிறவன் எல்லாம் என்கிட்டதான்டா சண்டைக்கு வரான்” என்று போனில் சித்தப்பா சலித்துக்கொள்கிறார். ஆனால் தாளை இன்னும் கிழிக்கவில்லை.